முழங்கால் ஆழத் தண்ணீர்: குளிர்கால ஏரிகளில் பறவைகள் எங்கே கூடுகின்றன, ஏன்?

ஜனவரி மாதத்தில் முதன்முறையாகப் பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கரைமேல் ஏறித்தான் நிற்பார்கள். அங்கிருந்து ஏரி முழுவதும் கண்ணுக்கு எட்டும். ஆனால் கரையை ஒட்டிய தண்ணீரில் அவர்களுக்குத் தெரிவது இரண்டு மூன்று முக்குளிப்பான்களும், மதகுத் தூணின் மேல் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும் ஒரு நீர்க்காகமும், நடுவில் கறுப்புப் புள்ளிகளாக மிதக்கும் நாமக்கோழிகளும்தான். ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனவருக்கு இது பெரிய ஏமாற்றம். பறவைகள் வந்துதான் இருக்கின்றன. அவை எதிர்ப்பக்கத்தில், தண்ணீர் மெலிந்து சேறாகி, சேறு மெலிந்து புல்லாகும் உள்வாய்ப் பகுதியில் நின்று இரை தேடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கான காரணம் ஏரி கட்டப்பட்ட முறையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் குளங்களும் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கிண்ணம்போல் தோண்டப்பட்டவை அல்ல. சரிந்து செல்லும் நிலத்தின் குறுக்கே பிறைவடிவில் மண்கரை ஒன்றை எழுப்பி, மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரை அதன் முன்னால் தேக்கிவைப்பதுதான் நம் ஊர்களில் காலங்காலமாகக் கையாளப்பட்ட முறை. ஆகவே கரையை ஒட்டி, மதகு இருக்கும் இடத்தில் ஆழம் மிகுதியாக இருக்கும். அங்கிருந்து வரத்து வாய்க்கால் வந்து சேரும் பக்கம் போகப்போக ஆழம் சிறிது சிறிதாகக் குறைந்து, கடைசியில் தண்ணீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஒரு நீண்ட ஓரமாகிவிடும். சரிவு அவ்வளவு மெல்லியது என்பதால், ஏரியின் மட்டம் ஒரு சாண் இறங்கினாலே அந்த ஓரம் பல பத்து மீட்டர் பின்வாங்கும். நீர்ப்பறவைகளைப் பொறுத்தவரை ஏரியின் உயிர்நாடி அந்த ஓரம்தான். குளிர்காலப் பறவை நோக்கலில் நாம் காண்பவை, காணாதவை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே விளக்கம் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்தப் பறவை எந்த இடத்தில் நிற்கும் என்பதை அதன் காலும் அலகும் கழுத்தும் தீர்மானிக்கின்றன. சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருக்கும் இடத்தில் பட்டாணி உப்புக்கொத்தி சிறிது தூரம் ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். கண்ணால் கண்டதைக் கொத்தித் தின்னும் அதற்கு ஈரம் கசியும் தரை போதும். அதற்குச் சற்று உள்ளே, சேற்றின் மேல் கண்ணாடித்தாள் விரித்ததுபோல் தண்ணீர் பரவியிருக்கும் இடத்தில் கொசு உள்ளான் நிற்கும். அலகின் நுனியிலிருந்து வால்வரை 14 சென்டிமீட்டர் அளவே உள்ள அந்தப் பறவைக்கு இரண்டு விரற்கடை ஆழமே வெள்ளம். பொறி உள்ளான் வயிறு நனையும் வரை இறங்கும். ஒரு சாண் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான் இளஞ்சிவப்புக் கால்களை மடக்கி மடக்கி எடுத்துவைத்து நடந்துகொண்டிருக்கும். ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அலகைக் கொண்ட கருவால் மூக்கன், அதை அடிவரை சேற்றுக்குள் செலுத்தி, கண்ணுக்குத் தெரியாத புழுவைத் தொட்டே கண்டுபிடிக்கும். அலகு முழுவதையும் திறக்காமல் நுனியை மட்டும் விரித்துப் பற்ற அதனால் முடியும் என்பதால் சேற்றுக்குள்ளேயே இரையைக் கவ்விவிடுகிறது.

வாத்துகளுக்கும் இதே கணக்கு உண்டு. நீலச்சிறகி, கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவை நம் ஏரிகளுக்கு வரும் வலசை வாத்துகளில் முக்கியமானவை. இவை எதுவும் இரைக்காக முழுகுவதை வழக்கமாகக் கொண்டவை அல்ல. நீரின் மேற்பரப்பைச் சலித்துத் தின்னும். இல்லையென்றால் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து, வாலை வானத்தை நோக்கி நிமிர்த்தி, கழுத்து எட்டும் தூரத்தில் உள்ள விதைகளையும் நீர்த்தாவரங்களையும் சிறு உயிர்களையும் எடுக்கும். சிறிய கழுத்துள்ள கிளுவைக்கு எட்டாத ஆழம் நீண்ட கழுத்துள்ள ஊசிவால் வாத்துக்கு எட்டும். ஆனாலும் அந்த எட்டுதலுக்கு ஓர் எல்லை உண்டு, அது ஏறக்குறைய மனிதனின் முழங்கால் ஆழம். அதைவிட ஆழமான தண்ணீர் முக்குளிப்பான், நாமக்கோழி, நீர்க்காகம், பாம்புத்தாரா போன்ற முழுகும் பறவைகளுக்கானது. கரைமேல் நின்றவர் கண்டது இவற்றைத்தான்.

தட்டைவாயன்கள் இரை தேடுவதை ஒருமுறையாவது நிதானமாக நின்று பார்க்க வேண்டும். ஆண்டி வாத்து என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. நுனியில் அகன்று கரண்டிபோல் விரிந்த அதன் அலகின் விளிம்புகளில் சீப்பின் பற்களைப்போல நுண்ணிய தகடுகள் சுமார் 110 இருக்கின்றன. தண்ணீரை வாய்க்குள் இழுத்து ஓரங்கள் வழியே வெளியே தள்ளும்போது மிதக்கும் சிற்றுயிர்களும் விதைகளும் அந்தச் சல்லடையில் தங்கிவிடும். ஒரு தை மாதக் காலையில், உள்வாயில் வளர்ந்திருந்த கோரைப்புல்லின் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, இருபதுக்கும் மேற்பட்ட தட்டைவாயன்கள் ஒன்றன் வாலை மற்றொன்று ஒட்டி, செக்குமாடு சுற்றுவதுபோல வட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. எல்லாத் தலைகளும் கண்வரை தண்ணீருக்குள் இருந்தன. முன்னால் போகும் பறவையின் கால்கள் அடிச்சேற்றைக் கிளறிவிட, மேலே எழும்பி வருவதைப் பின்னால் வரும் பறவை சலித்துக்கொள்கிறது. அதன் கால்கள் கிளறுவது அடுத்ததற்கு. வட்டத்தின் நடுவில் தண்ணீர் காப்பி நிறத்தில் கலங்கியிருந்தது. கால் கிளறினால் அடிமண் மேலே வரும் அளவுக்கு ஏரி ஆழம் குறைந்திருந்ததால்தான் இந்த முறை அங்கே பலித்தது.

அப்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேல் தாழ்வாக வந்தது. தட்டைவாயன்களும் நீலச்சிறகிகளும் ஒரே வீச்சில் எழுந்து ஏரியைச் சுற்றத் தொடங்கின. நாமக்கோழிகள் எழவில்லை. சிதறிக் கிடந்த அவை அத்தனையும் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடிவந்து ஒரே கறுப்புப் பாய்போல நெருங்கிக்கொண்டன. பருந்து தாழ்ந்து வரும்போதெல்லாம் நீரைச் சிதறடித்தன. தனியாக ஒதுங்கும் ஒன்றைப் பிடிப்பதுதான் பருந்தின் உத்தி என்பதால் கூட்டமாக நெருங்கி நிற்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. ஐந்து நிமிடத்தில் பருந்து போய்விட்டது. வாத்துகள் பழைய இடத்தில் வந்து இறங்க மேலும் கால் மணி நேரம் ஆயிற்று.

குளிர்காலத்தில் ஏரியில் காணும் பறவைகளை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆண்டுதோறும் கார்த்திகை பிறந்தால், ஆஸ்திரேலியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் பறந்துவந்து இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்ற செய்தி கூழைக்கடாவின் படத்தோடு வெளிவரும். இது தவறு. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தை குத்தி நாரை, கரண்டி வாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, இராக்கொக்கு ஆகியவை இந்தத் துணைக்கண்டத்திலேயே பிறந்து வளரும் பறவைகள். தண்ணீரைத் தேடி ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு இடம் மாறுகின்றன. வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பியபின் மீனும் தவளையும் நத்தையும் பெருகும் காலம் அவற்றுக்குக் குஞ்சுகளை வளர்க்கத் தக்க காலம் என்பதால் அவை குளிர்காலத்தில் கூடு கட்டுகின்றன. உண்மையிலேயே வடக்கிலிருந்து வரும் சிறகிகளும் உள்ளான்களும் மஞ்சள் வாலாட்டிகளும் தகைவிலான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றின் பிறப்பிடம் வடக்கே. இங்கே அவை வருவது தின்னவும் தங்கவும்தான்.

இந்த வேறுபாடு தெரியாமல் ஏரியைப் பாதுகாக்கவும் முடியாது. கூடு கட்டும் பறவைகளுக்கு நீர் சூழ்ந்த மரம் வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில் நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீருக்குள் நிற்பதால்தான் அங்கே அத்தனை கூடுகள். மரத்தைச் சுற்றி நீர் இருக்கும் வரை கீரியும் பூனையும் நாயும் கூட்டை நெருங்க முடியாது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரியின் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று ஊர்மக்கள் கேட்டு, அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ் 1798-ல் அதற்கு உத்தரவு வழங்கினார். ஊராருக்கு அதில் தெளிவான பயன் இருந்தது. பறவைகளின் எச்சம் கரைந்த தண்ணீர் பாய்ந்த வயலுக்கு எரு தனியே வேண்டியதில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதை மக்கள் கைவிட்டிருப்பதும் இந்தக் கூடுகளுக்காகவே. ஐப்பசியில் தொடங்கும் கூடு கட்டும் காலத்தில் திடீர்ச் சத்தம் கேட்டால் தாய்ப்பறவைகள் எழுந்துவிடும், திறந்து கிடக்கும் முட்டைகளைக் காகம் கொண்டுபோகும். வலசை வரும் உள்ளானுக்கோ இந்த மரங்களால் எந்தப் பயனும் இல்லை. அதற்கு மரமே இல்லாத வெட்டவெளிச் சேறு வேண்டும், வல்லூறு வருவது தொலைவிலேயே தெரிய வேண்டும். ஒரே ஏரியில் இரண்டும் அமைவது வாய்ப்புதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

வடக்கில் குளிர் தாங்காமல் பறவைகள் இங்கே ஓடிவருகின்றன என்பதும் பாதி உண்மைதான். நன்றாகத் தின்று கொழுத்த ஒரு வாத்தின் உடலை அதன் இறகுப் போர்வை கடுங்குளிரிலும் காத்துவிடும். உணவு அகப்படாமல் போவதுதான் அதனால் தாங்க முடியாதது. ஏரி உறைந்து, சேறு கல்லாக இறுகிவிட்டால் அலகை எங்கே நுழைப்பது? ஆகவே நடு ஆசியாவிலும் சைபீரியாவிலும் நீர்நிலைகள் உறைவதற்கு முன்பே அவை தெற்கு நோக்கிக் கிளம்பிவிடுகின்றன. ஆர்க்டிக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் தீவுகள் வரை சுமார் 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் இந்த வலசைப் பாதையை மத்திய ஆசியப் பறவைப் பாதை என்கிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இந்தப் பாதையின் மிகக் கடினமான கட்டத்தைக் கடந்து வருகிறது. மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளின் உயரமான ஏரிகளில் குஞ்சு பொரிக்கும் அது, இமயமலையைத் தாண்டித்தான் இங்கே வர வேண்டும். ஜிபிஎஸ் கருவி பொருத்திய வாத்துகளில் ஒன்று 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. காற்றில் பிராணவாயு குறைந்த அந்த உயரத்திலும் அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் அதன் இரத்தத்துக்குக் கூடுதலாக உண்டு. அவ்வளவு தூரம் வந்து சேரும் பறவை பகலில் குளத்தில் இளைப்பாறிவிட்டு, புல்வெளிகளிலும் அறுவடையான வயல்களிலும் மேய்கிறது.

இனி மாதக் கணக்கு. வலசையை நாம் மார்கழிக் குளிரோடு சேர்த்து நினைத்தாலும், ஆகஸ்டு மாதத்திலேயே, ஏரிகள் பெரும்பாலும் வறண்டு கிடக்கும்போதே, வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு தனியாகத் திரியும் சாதாரண உள்ளான் வந்துவிடும். வாத்துகளில் நீலச்சிறகி முந்திக்கொள்ளும். மற்றவை நவம்பர், டிசம்பரில் வந்து சேர, ஜனவரியில் எண்ணிக்கை உச்சத்தைத் தொடும். மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும். இந்தக் கால அட்டவணையைப் பக்கத்தில் இருக்கும் பாசன அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பும். மார்கழி, தையில் மதகு திறந்து நெற்பயிருக்குத் தண்ணீர் பாயும். மாசி, பங்குனியில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். மட்டம் இறங்க இறங்க, அதுவரை தண்ணீருக்குள் மூழ்கியிருந்த அடிமண் ஒவ்வொரு நாளும் ஒரு கீற்றாக வெளிப்படுகிறது. புழுவும் பூச்சிகளின் இளம்பருவங்களும் நிறைந்த, எந்த அலகும் அதுவரை தொடாத புதுச் சேறு. வடக்கே திரும்புவதற்கு முன் உடலில் கொழுப்பைச் சேமித்தாக வேண்டிய உள்ளானுக்கு, அந்தச் சேமிப்பு தேவைப்படும் அதே வாரங்களில், இந்தப் பந்தி நாள்தோறும் விரிந்துகொண்டே போகிறது. மதகைத் திறப்பவர் வயலை நினைத்தே திறக்கிறார் என்றாலும் உள்வாயில் நிற்கும் பறவைக்கும் அவர் பரிமாறுகிறார். உழவுக்குப் பயன்படும் ஏரியில் இத்தனை பறவைகள் இருப்பது தற்செயல் அல்ல என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

நகரத்தில் ஆயக்கட்டு, அதாவது ஏரிநீர் பாயும் வயல்பரப்பு, வீட்டுமனையாகிவிட்ட பிறகு மதகைத் திறக்க ஆள் இல்லை. ஏரி பூங்காவாகிறது. பூங்காவாக்கும்போது செய்யப்படும் வேலைகளை வரிசையாக நினைத்துப் பார்த்தால், முழங்கால் ஆழத் தண்ணீரை ஒழிப்பதற்கென்றே திட்டமிட்டதுபோல் இருக்கும். ஓரம் ஒழுங்கற்றுச் சேறாக இருக்கிறது என்று சுற்றிலும் கருங்கல் பதித்துச் செங்குத்தாக்குகிறார்கள். பொக்லைன் இறக்கி அடியைச் சமமாக ஆழப்படுத்துகிறார்கள். ஆண்டு முழுவதும் ஒரே மட்டத்தில் நீர் நிற்குமாறு செய்கிறார்கள். நடைபாதை ஏரியை முழுவதும் சுற்றிவருகிறது. விளக்குகள் இரவு முழுவதும் எரிகின்றன. படகு விடப்படுகிறது. படகின் விளைவைப் பலர் உணர்வதில்லை. சீழ்க்கைச்சிறகி போன்ற வாத்துகள் இரவில் வயல்களுக்குச் சென்று மேய்ந்துவிட்டு, பகலில் ஏரியின் நடுவே தூங்குகின்றன; நாள் முழுவதும் படகுக்காக எழுந்து எழுந்து உட்கார வேண்டியிருந்தால் அந்த ஏரியை விட்டுப் போய்விடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வழி இல்லை. இத்தனைக்குப் பிறகு அந்த ஏரியில் மிஞ்சுவது கரைமேல் நின்றவர் முதலில் கண்ட முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும்தான். ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது, பறவை ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு, நிறைய இருப்பதே காரணம் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தூர்வாரவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்துவிட்ட ஏரியில் வண்டலை எடுத்தாக வேண்டும். வயலுக்கும் அது உரம். எடுக்க வேண்டிய இடம் கரையை ஒட்டிய ஆழப் பகுதி. உள்வாயின் சரிவை அப்படியே விட்டுவிட வேண்டும், நடைபாதையை ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஆண்டில் சில மாதங்கள் மட்டம் இறங்க இடம் தர வேண்டும். எடுத்த மண்ணில் நடுவே இரண்டு திட்டுகள் அமைத்து நாட்டுக் கருவேலம் வைத்தால் கூடு கட்டும் பறவைகளுக்கும் இடம் கிடைக்கும். மக்கள் நடக்கவும் பறவைகள் தங்கவும் ஒரே ஏரியில் இடம் உண்டு, ஏரியின் எல்லாப் பக்கமும் நமக்கே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காத வரையில்.

நகர ஏரிகள் வேறொரு புதிரையும் நம்முன் வைக்கின்றன. கழிவுநீர் கலக்கும் ஏரியில் சில சமயம் பறவைகள் மிகுதியாகக் காணப்படும். கழிவின் சத்தை உண்டு பெருகும் புழுக்களைத் தேடி நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் கூடும். வேறு மீன் பிழைக்காத தண்ணீரிலும் பெருகிவிடும் ஜிலேபி மீனைத் தின்னக் கூழைக்கடாக்கள் வரும். எண்ணிக்கையைப் பார்த்து ஏரி நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பறவைகளில் எத்தனை வகை என்பதைத்தான் பார்க்க வேண்டும். அல்லியும் நீர்ப்பாசியும் விரிந்த நீரை விரும்பும் நீளவால் இலைக்கோழியும் குள்ளத்தாராவும் ஓர் ஏரியிலிருந்து மறைந்து, நெடுங்கால் உள்ளான் மட்டும் பெருகியிருந்தால், அங்கே என்ன நடந்திருக்கிறது என்பது தெளிவு. ஆகாயத்தாமரை ஏரியை முழுவதும் மூடிவிட்டால் அதுவும் இல்லை. இந்த நெருக்கடிகளுக்கு நடுவிலும் நகரங்கள் பறவைகளை முற்றாக இழந்துவிடவில்லை. கோயம்புத்தூரில் நொய்யல் நீரை வாங்கும் குளங்களில் ஒன்றான சிங்காநல்லூர் குளம் 2017-ல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் தன் பழைய பரப்பின் மிகப் பெரும்பகுதியைக் குப்பைக்கும் கட்டடங்களுக்கும் இழந்த பின்னும், எஞ்சிய ஆழமற்ற நீரில் பூநாரைகள் நிற்பதைத் துரைப்பாக்கம் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மக்கள் பார்க்கிறார்கள்.

அணைகளின் கதை வேறு. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை போன்ற நீர்த்தேக்கங்கள் மலைப் பள்ளத்தாக்கை அடைத்து உருவானவை. ஓரங்கள் செங்குத்தாக இறங்குவதால் நிரம்பியிருக்கும்போது அங்கே உள்ளானுக்கு நிற்க இடம் கிடையாது. மீனைக் கண்டால் கால்களை நீட்டிக்கொண்டு நீருக்குள் பாயும் விரால் அடிப்பான் போன்ற வேட்டைப் பறவைக்கும் ஆலாக்களுக்கும் ஏற்ற இடம் அது. மட்டம் இறங்கி, பண்ணவாடியில் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலை தலைகாட்டும் நாட்களில் ஆற்றுநீர் வந்து சேரும் மேல்முனையில் சேற்றுத் திட்டுகள் வெளிப்படும். அணையில் பறவை பார்க்க நினைப்பவர் அணைக்கட்டை விட்டுவிட்டு அந்த மேல்முனைக்குத்தான் போக வேண்டும்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரு நடைமுறைக் குறிப்பைச் சொல்லிவிடுகிறேன். தமிழகச் சமவெளி பொதுவாகக் கிழக்கு நோக்கிச் சரிவதால் ஏரிக்கரை பெரும்பாலும் கிழக்கில் இருக்கும், உள்வாய் மேற்கில் இருக்கும். காலையில் உள்வாய்ப் பக்கம் போய் நின்றால் சூரியன் எதிரே கண்ணைக் கூசும், பறவைகள் எல்லாம் நிழலுருவமாகவே தெரியும். கரை வளைந்து உள்வாயை நோக்கித் திரும்பும் இரண்டு முனைகளே காலைக்கு ஏற்றவை. உள்வாய்க்கு மாலையில் போகலாம். எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் முகப்புள்ள பைனாகுலர் தொடக்கத்துக்குப் போதும். தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கத் தொடங்கிய பறவைக் கூட்டத்தை நோக்கி மேலும் ஓர் அடி வைக்கக் கூடாது. அது எழுந்து பறந்து ஆற்றலைச் செலவழிக்கும் ஒவ்வொரு முறையும் அன்று தின்றதில் ஒரு பங்கு வீணாகிறது. வாத்துகளை அடையாளம் காண அக்டோபரைவிட ஜனவரி எளிது. வந்து சேரும்போது ஆண் வாத்துகளும் பெட்டையைப்போல மங்கிய பழுப்பு நிறத்தில்தான் இருக்கும். இறகு உதிர்ந்து மாறிய பிறகே அவற்றின் வண்ணம் தெரியும். நீலச்சிறகியின் ஆண் புருவத்தில் அந்த அகன்ற வெள்ளைக்கோடு எடுப்பாகத் தெரிய மாசி மாதம் வரைகூட ஆகிவிடும்.

ஜனவரிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்த மாதத்தில்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை நான்கு நாட்களையும் பயன்படுத்திக்கொள்ளும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015-ல் தொடங்கியது. ஊருக்குப் போனவர்கள் அங்கங்கே தங்கள் ஊர்க் குளத்தைப் பார்த்து இதில் பதிவிடலாம். கணக்கிடும் முறையைப் பழகிக்கொள்வது கடினம் அல்ல. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டம் முழுவதையும் அளந்துகொண்டே போக வேண்டும்.

அப்படி எடுத்த எண்ணிக்கையை வாசிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மழை மிகுந்த ஆண்டில் ஒரு ஏரியில் பறவை குறைந்தால் அது கேடு என்று கொள்ள வேண்டியதில்லை. சுற்றுவட்டாரத்தின் ஒவ்வொரு குட்டையும் நிரம்பியிருப்பதால் பறவைகள் ஆயிரம் இடங்களில் பரந்துவிட்டிருக்கலாம், அல்லது அந்த ஏரியின் ஓரமே ஆழத்தில் மூழ்கியிருக்கலாம். வடகிழக்குப் பருவமழை மிக மோசமாகப் பொய்த்த 2016 போன்ற ஆண்டில், எஞ்சிய ஒன்றிரண்டு நீர்நிலைகளில் எண்ணிக்கை பெருகினால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தியும் அல்ல. ஆகவே எத்தனை பறவை என்பதோடு அன்று எவ்வளவு தண்ணீர் என்பதையும் குறித்தாக வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வேண்டாம். நான் வழக்கமாகப் போகும் குளத்தில் கரையை ஒட்டி ஒரு பழைய படித்துறை இருக்கிறது. என் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் முதல் வரியாக, பறவையின் பெயர் எதையும் எழுதுவதற்கு முன், படித்துறையில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்பதை எழுதிவிடுகிறேன். மூன்று படி வரை தெரியும் நாட்களில் அந்தக் குளத்தில் உள்ளான்கள் இருப்பதில்லை. நான்காவது படி காய்ந்த வாரத்தில் பொறி உள்ளான்கள் வந்து நிற்கும். ஆறாவது படி தெரியும்போது கொசு உள்ளான்களும் வந்துவிடும்.